குதிரை வண்டிச் சட்டம் ரோலர் கோஸ்டரில் ஏறிய கதை

முழங்கால் சில்லு உடைந்த ஓர் இளைஞரின் வழக்கு 1929-இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு வந்தது. கோனி தீவின் ஸ்டீபிள்சேஸ் பூங்காவில் 'ஃப்ளாப்பர்' என்றொரு விளையாட்டு இருந்தது. சரிவில் மேல்நோக்கி ஓடும் பெல்ட்டில் ஏறி நிற்பவர்கள் நிலைதடுமாறி விழுவார்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பெல்ட் திடீரென்று வெட்டி இழுத்ததால்தான் விழுந்தேன் என்றார் அந்த இளைஞர். ஜூரி அவரை நம்பியது. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அந்த முடிவை ரத்து செய்தார். விழுவதற்கென்றே உள்ள விளையாட்டில் தெரிந்தே ஏறியவர் விழுந்ததற்கு நஷ்டஈடு கேட்க முடியாது, பயந்தவர்கள் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்பது அவர் வாதம். அழகான நடையில் எழுதப்பட்ட தீர்ப்புதான். ஆனால் கால் உடைந்தவருக்கு அதில் ஒரு சொல் ஆறுதலும் இல்லை.

ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்தவருக்கு இதே நியாயத்தைச் சொல்லலாமா? மடிமேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகு வேகமும் பிரேக்கும் அவர் கையில் இல்லை. எந்த போல்ட் தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியும் இல்லை. நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது.

இதற்கான விடை கலிஃபோர்னியாவின் 1872-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. குதிரை வண்டியும் ரயிலும் ஓடிய காலத்தில் எழுதிய விதி அது. கூலி வாங்கிக்கொண்டு பொதுமக்களை ஏற்றிச் செல்பவர் அவர்களுடைய பாதுகாப்பில் உச்சபட்ச கவனம் காட்ட வேண்டும் என்றது. சாதாரண கவனம் போதாது. சிறு அலட்சியம் என்றாலும் நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும். பின்னாளில் நீதிமன்றங்கள் அந்த விதிக்குள் லிஃப்டைக் கொண்டுவந்தன, பனிச்சறுக்கு மலைகளில் ஆளைத் தூக்கிச் செல்லும் கம்பிவட நாற்காலியையும் கொண்டுவந்தன. ரோலர் கோஸ்டரைப் பற்றி மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு மட்டும் வரவில்லை.

அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்தது ஒரு சாவு. 2000 ஜூனில், தேனிலவுக்காக ஸ்பெயினிலிருந்து வந்திருந்த 23 வயதுப் பெண் டிஸ்னிலாந்தின் இண்டியானா ஜோன்ஸ் சவாரியில் ஏறினார். குலுக்கிக் குலுக்கி ஓடும் வண்டி அது. அதில்தான் மூளையில் காயம்பட்டது என்று வழக்குத் தொடுத்தது குடும்பம். செப்டம்பரில் அவர் இறந்துபோனார். நாங்கள் யாரையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஏற்றிச் செல்லவில்லை, இது வெறும் பொழுதுபோக்கு என்றது டிஸ்னி. விசாரணை நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது, மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2005-இல் மாநில உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கார்லோஸ் மொரேனோ சொன்ன காரணம் எளிமையானது: சான் ஃபிரான்சிஸ்கோவில் வேடிக்கைக்காகவே கேபிள் கார் ஏறிச் சுற்றிவரும் பயணிக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, எதற்காக ஏறினார் என்று யாரும் கேட்பதில்லை. ரோலர் கோஸ்டரில் ஏறியவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

கவனமாகப் பார்த்தால், ஏறிய எல்லோருக்கும் பணம் கிடைக்கும் என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நடத்துபவரின் அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும். அலட்சியத்தை அளக்கும் கோல்தான் கடுமையானது. ஆளைப் பூட்டி வைத்து ஓட்டுகிறவரிடம் அந்தக் கடுமையைக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

2012-இல் அதே நீதிமன்றம் இந்த விதிக்கு எல்லை கட்டியது. சான்டா கிளாராவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில், ஒன்பது வயது மகன் ஓட்டிய மோதும் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்கு மணிக்கட்டு உடைந்தது. திருப்புவதும் மோதுவதும் விளையாடுபவர் கையில் இருப்பதால் அது ரோலர் கோஸ்டர் ஆகாது என்று வழக்கைத் தள்ளினார்கள். கார்டோசோவின் பழைய வாதம் இங்கே திரும்பி வந்துவிட்டது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. அந்தத் தாயின் கையில் ஸ்டீயரிங் இல்லை. அதோடு, அந்தப் பூங்காவை நடத்திய நிறுவனம் தன் மற்ற பூங்காக்களில் நேருக்கு நேர் மோதுவதைக் குறைக்க, கார்கள் ஒரே திசையில் சுற்றும்படி தளத்தை அமைத்திருந்தது. இந்தப் பூங்காவில் அப்போது அப்படி அமைத்திருக்கவில்லை.