படியளக்கும் ஆலை: ஆன்யாங் ஐஸ் ஹாக்கி அணியின் முப்பது ஆண்டுகள்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கும் வல்லம் வடகாலில் ஐஸ் ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சிப்காட் சாலையில் ஷிஃப்ட் முடிந்து வரிசை கட்டும் கம்பெனி பஸ்களும், அவற்றை நம்பியே பிழைக்கும் டீக்கடைகளும்தான் இவ்வூரின் அன்றாடம். ஆனாலும் ஆசியாவில் ஐஸ் ஹாக்கிக்குப் படியளக்கும் இரண்டு நிறுவனங்களின் வரலாறு இந்தத் தொழில் தடத்தைத் தொட்டுச் செல்கிறது. ஒன்று, 2017 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்ட். லடாக்கில் ஓர் ஐஸ் ஹாக்கி லீக்கை நடத்தப் பணம் தருவது அந்நிறுவனம். மற்றொன்று, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஹூண்டாயைப் பின்தொடர்ந்து வந்த கொரிய உதிரிபாக நிறுவனமான மாண்டோ. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகியவை அதன் தொழில். அதன் தாய்க் குழுமத்துக்குச் சொந்தமாக எச்.எல். ஆன்யாங் என்ற தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. 2022-23 முதல் 2024-25 வரை தொடர்ந்து மூன்று பருவங்களில் ஆசிய லீக் பட்டத்தை வென்ற அணி அது.

கார் பிரேக் செய்பவருக்கு ஐஸ் ஹாக்கி எதற்கு என்ற கேள்விக்கு விடை கொரியாவில் தொடங்கவில்லை. ஜப்பானின் காகித ஆலைகளில் தொடங்குகிறது.

ஹொக்கைடோ தீவின் டோமகோமாய் நகரில் ஓஜி காகித ஆலை 1925-இல் ஓர் அணி அமைத்தது. அதே ஆண்டில் நிக்கோவில் ஃபுருகாவா எலெக்ட்ரிக் நிறுவனமும் அணி அமைத்தது. 1949-இல் குஷிரோ நகரின் காகித ஆலை ஆட்டக்காரர்களைத் திரட்டியது. பிற்காலத்தில் நிப்பான் பேப்பர் கிரேன்ஸ் எனப் பெயர் பெற்றது அந்த அணிதான். 1966-இல் இந்த அணிகளை ஒன்றுசேர்த்து ஜப்பான் ஐஸ் ஹாக்கி லீக் பிறந்தது. ஆட்டக்காரர் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருப்பார். காயம்பட்டு ஒதுங்கினாலும் வேலை இருக்கும். டிக்கெட் விற்கிறதா, விற்கவில்லையா என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே. கம்பெனிக்குக் காய்ச்சல் வந்தால் அணி படுத்துவிடும். ஃபுருகாவா 1999-இல் கைவிட்டது. நிக்கோ ஊர்க்காரர்களும் ரசிகர்களும் தோள்கொடுத்து அந்த அணியை ஐஸ் பக்ஸ் என்ற பெயரில் காப்பாற்றினார்கள். ஸ்னோ பிராண்ட் பால் நிறுவனத்தின் கதை இன்னும் கொடுமையானது. 2000-ஆம் ஆண்டின் கோடையில் அதன் பாலைக் குடித்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அடுத்த ஆண்டே அதன் சப்போரோ அணியைக் கம்பெனி கைகழுவியது. பால் கெட்டதற்கும் கோல்கீப்பருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆனாலும் தண்டனை அவருக்கும் சேர்த்தே வந்தது.

கொரியாவின் ஹல்லா குழுமத்தை நிறுவியவர் சுங் இன்-யுங். ஹூண்டாயைத் தோற்றுவித்த சுங் ஜு-யுங்கின் தம்பி. இன்-யுங்கின் மகன் சுங் மோங்-வோன் 1994-இல் மாண்டோ வினியா என்ற பெயரில் ஐஸ் ஹாக்கி அணியைத் தொடங்கினார். வினியா என்பது மாண்டோ விற்ற ஏர் கண்டிஷனரின் பெயர். ஏர் கண்டிஷனருக்கு விளம்பரம் தேட ஐஸ் ஹாக்கியைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறெது?

விளம்பரக் கணக்கு மூன்று ஆண்டுகளில் அர்த்தமிழந்தது. 1997 மாண்டோவின் வரலாற்றில் இரட்டை முகம் கொண்ட ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஆனந்த் குழுமத்துடன் சேர்ந்து இந்தியாவில் கூட்டு நிறுவனம் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்துகொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு டிசம்பரில், ஆசிய நிதி நெருக்கடியின் நடுவே, தாய்க் குழுமமான ஹல்லா திவாலானது. கொஞ்ச காலத்தில் மாண்டோவே வெளிநாட்டு முதலீட்டாளர்களின் கைக்குப் போனது. குடும்பத்தின் அடிமடியில் இருந்த தொழிலே போனபின் ஐஸ் ஹாக்கி அணியை யார் கேட்பார்கள்? கொரியாவின் மற்ற கம்பெனி அணிகள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சுங் மோங்-வோனின் அணி மட்டும் ஹல்லா வினியா எனப் பெயர் மாற்றிக்கொண்டு தலை தப்பியது. கணக்குப்பிள்ளை எவரும் சம்மதித்திருக்க மாட்டார். உரிமையாளரின் பிடிவாதம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

தப்பிய அணிக்கு உள்நாட்டில் மோத எதிரி இல்லை. ஜப்பானிலும் அணிகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டு நாடுகளின் இந்தப் பற்றாக்குறையிலிருந்தே 2003-04 பருவத்தில் ஆசிய லீக் ஐஸ் ஹாக்கி பிறந்தது: ஜப்பானின் நான்கு அணிகள், கொரியாவிலிருந்து ஹல்லா ஒன்று. லட்சியக் கனவோடு வகுத்த திட்டம் என்று இதைக் கொண்டாடத் தேவையில்லை. ஆள் கிடைக்காத பக்கத்து வீடுகள் இரண்டு சேர்ந்து சமைத்த சாப்பாடு அது. அணியும் விரைவில் ஆன்யாங் ஹல்லா ஆனது. சியோலுக்குத் தெற்கே இருக்கும் ஆன்யாங் நகரின் ஐஸ் அரங்கில் இருக்கைகள் ஆயிரத்துச் சொச்சம்தான். பருவம் செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை நீளும். வார இறுதிகளில் ஒரே எதிரியுடன் அடுத்தடுத்த நாள்களில் ஆடுவார்கள்; பிறகு மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். டோமகோமாய், குஷிரோ, நிக்கோ என்று போகுமிடமெல்லாம் ஆலை நகரங்களாகவே இருந்தன.

2008-இல் ஹல்லா குழுமம் மாண்டோவைத் திரும்ப வாங்கியது. அணிக்கும் அதன்பின் நல்ல காலம் பிறந்தது. கனடாவிலிருந்து வந்த ஆறரை அடி உயர ப்ராக் ரடுன்ஸ்கி கோல் முன்னே நின்றால் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு மறுபக்கம் தெரியாது. 2009-இல் இளம் ஆட்டக்காரர் சோ மின்-ஹோ வந்து சேர்ந்தார். அதே 2009-இல், பருவம் தொடங்கும் முன்பே, லீக்கின் பெரிய பணக்கார அணியான சீபு பிரின்ஸ் ராபிட்ஸ் கலைக்கப்பட்டது. சீபு சாம்ராஜ்யத்தின் அதிபர் யோஷியாகி சுட்சுமி ஒருகாலத்தில் உலகின் முதல் பணக்காரராகக் கணிக்கப்பட்டவர். பங்குச் சந்தை முறைகேட்டில் 2005-இல் கைதானார். அவர் விழுந்த நான்காம் ஆண்டில் அணியும் விழுந்தது. இப்படி வெற்றிடமான 2009-10 பருவத்தில் ஆன்யாங் ஹல்லா இறுதிச் சுற்றில் நிப்பான் பேப்பர் கிரேன்ஸை வென்று பட்டம் பெற்ற முதல் கொரிய அணியானது.

அடுத்த பருவத்துக்கு முடிவே இல்லை. 2010-11 இறுதிச் சுற்றில் ஆன்யாங் மோத வேண்டியது டொஹோகு ஃப்ரீ பிளேட்ஸ் அணியுடன். ஹச்சினோஹே, கோரியாமா இரண்டும் அந்த அணியின் சொந்த ஊர்கள். 2011 மார்ச் 11 பிற்பகலில் நிலநடுக்கமும் சுனாமியும் வடகிழக்கு ஜப்பானின் கடற்கரையையே புரட்டிப் போட்டன. கோரியாமா இருப்பது ஃபுகுஷிமா மாகாணத்தில். இறுதிச் சுற்று ரத்தானது; இரண்டு அணிகளும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்கப்பட்டன. 2019-20 பருவத்தையும் கொரோனா அப்படியே பாதியில் நிறுத்தியது. அப்போது ஆன்யாங் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது இடையில் லீக்கில் சேர்ந்திருந்த ரஷ்யாவின் சகாலின் அணியுடன்.

இடையில் கம்பெனி அணியின் தேவை தேசத்தின் தேவையானது. 2018 குளிர்கால ஒலிம்பிக் பியாங்சாங்குக்கு என்று முடிவாகியிருந்தது. ஆனால் போட்டியை நடத்தும் நாடு என்பதற்காக மட்டும் பலவீனமான கொரிய அணியைச் சேர்த்துக்கொள்ளச் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தயங்கியது. 2013-இல் சுங் மோங்-வோன் கொரிய ஐஸ் ஹாக்கிச் சங்கத் தலைவரானார். அந்த ஆண்டே ரடுன்ஸ்கிக்குக் கொரியக் குடியுரிமை கிடைத்தது. 2014-இல் பயிற்சியாளராக வந்த ஜிம் பேக், சியோலில் பிறந்து கனடாவில் வளர்ந்து, பிட்ஸ்பர்க் அணியோடு 1991, 1992 ஆண்டுகளில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றவர். அதே 2014-இல் ஆன்யாங்குக்கு வந்த கோல்கீப்பர் மாட் டால்டனும் பின்னர் கொரியரானார். அவர் ஏற்ற கொரியப் பெயர் ஹான் ரா-சுங். கம்பெனியின் பெயரே அதற்குள் குடியிருந்தது. 2017 ஏப்ரலில் கீவ் நகரில் உக்ரைனை ஷூட்அவுட்டில் வீழ்த்தி, கொரியா முதல்முறையாக உலகச் சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவுக்கு ஏறியது.

ஒலிம்பிக்கில் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. கனடா 4-0, சுவிட்சர்லாந்து 8-0. ஆனால் செக் குடியரசுக்கு எதிரான முதல் ஆட்டத்தை மறக்க முடியாது. முதல் பகுதியிலேயே ரடுன்ஸ்கி தள்ளிக்கொடுத்த ரப்பர் வட்டான பக்கை சோ மின்-ஹோ வலைக்குள் அடித்தார். ஒலிம்பிக் ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் கொரியாவின் முதல் கோல் அது. கொடுத்தவரும் அடித்தவரும் ஒரே ஆலை அணியின் ஆட்டக்காரர்கள். அந்த ஆட்டத்தில் கொரியா 1-2 எனத் தோற்றது. ஆன்யாங்கின் கேப்டனாக உயர்ந்த சோ மின்-ஹோ 2022 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் 35 வயதில் இறந்தார். சில மாதங்களில் குழுமம் எச்.எல். எனப் பெயர் மாற, அணியும் எச்.எல். ஆன்யாங் ஆனது. கேப்டன் இல்லாமல் ஆடிய அந்த முதல் பருவத்தில்தான் மூன்று தொடர் பட்டங்களில் முதலாவது வந்தது.

சுற்றியிருந்த காடு மட்டும் மெலிந்துகொண்டே போனது. காகிதத் தேவை சரிகிறது என்று சொல்லி நிப்பான் பேப்பர் 2019-இல் குஷிரோ அணியை விட்டது. ஓஜி 2021-இல் தன் அணியைத் தனி கிளப்பாகப் பிரித்துவிட்டது. பின்னாளில் லீக்கில் சேர்ந்திருந்த கொரியாவின் டேமியங் அணியும் அதே ஆண்டு கலைந்தது. அன்றிலிருந்து லீக்கில் கொரியக் கொடி பிடிக்க ஆன்யாங் ஒன்றே மிச்சம். தொடர் பட்டங்களைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஐந்தாறு அணிகளுக்குள் நடக்கும் போட்டி இது.

சென்னைக்கு இந்தக் கதை அந்நியமல்ல. புல்தரை ஹாக்கியை இந்நகரம் வளர்த்ததும் இதே முறையில்தான். பெரம்பூர் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, தலைமைக் கணக்காயர் (ஏ.ஜி.) அலுவலகம் ஆகியவை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்தன. அந்த வேலையை நம்பி ஆட்டக்காரர் ஆடினார். இதற்கு மாறாக, சந்தையை நம்பி வந்த தொழில்முறை அணிகளின் ஆயுள் குறைவு. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக்கோடு வந்த சென்னை வீரன்ஸ், 2008-இல் லீக் நின்றதும் நின்றது. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கிக்காக உருவான சென்னை சீட்டாஸ் ஒரே பருவம் ஆடியது. சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் ஒப்புதல் இல்லாத அந்தத் தொடருக்கு இரண்டாம் பருவமே வரவில்லை. 2024 டிசம்பர் 28-இல் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அரையிறுதி வரை வந்து, வங்க அணியிடம் ஷூட்அவுட்டில் தோற்றது. அந்தப் பருவத்தில் ஆண்கள் ஆட்டங்கள் சென்னையில் நடக்காததால் சென்னை ரசிகர்கள் தம் அணியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். இந்த மூன்று அணிகளும் பிறந்து மறைந்து பிறந்த காலமெல்லாம் வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடம் இந்த மரபுக்குள் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஹூண்டாயும் அதன் வெண்டர் கம்பெனிகளும் கொரியாவிலிருந்து இயந்திரங்களையும் வேலைமுறையையும் கொண்டுவந்தன. கொரிய உணவகங்களும் கூடவே வந்தன. கம்பெனி அணி என்ற வழக்கம் மட்டும் கப்பல் ஏறவில்லை. ஐ.சி.எஃப். போல ஹாக்கியில் பெயர் வாங்கிய ஆலை அணி இங்கிருந்து இன்னும் எழவில்லை. ஐ.சி.எஃப். தொழிலாளி குடியிருப்பில் குடும்பத்தோடு ஓய்வு பெறும்வரை இருந்தவர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706.50 கோடி ரூபாயில் திறக்கப்பட்ட விடுதியோ 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. வெளியூர்களிலிருந்து வந்து சில ஆண்டுகள் உழைத்துவிட்டுப் போகும் இளவயதினருக்கான ஏற்பாடு. அணி வேர்விடத் தேவையான நீண்ட உத்தியோகம் இந்த அமைப்பில் குறைவு.

ராயல் என்ஃபீல்டின் ஐஸ் ஹாக்கிப் பணம் போவது வேறு திசையில். 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய நிறுவனத்துக்கு லடாக் சாலைகள் பழைய சந்தை. 2023 இறுதியில் லடாக் நிர்வாகத்தோடு சேர்ந்து ஐஸ் ஹாக்கி வளர்ச்சித் திட்டம் ஒன்றை அது முன்வைத்தது. 2024 ஜனவரியில் லே நகரில் முதல் லீக் நடந்தது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவுகளும் உண்டு. ஆனால் அணிகள் லடாக்கின் வட்டாரங்களுடையவை. கம்பெனி படியளப்பது லீக்குக்கு, ஆட்டக்காரரின் அடுப்புக்கு அல்ல. ஆன்யாங்குக்கும் லேவுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

லடாக் ஆட்டக்காரரின் அடுப்பெரிவது சீருடையால். 1989-இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்த இந்தியாவில், தேசியப் போட்டிகளில் நெடுங்காலமாக ஓங்கி நிற்பவை ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ், இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை அணிகள். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றபோதும் அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் லடாக் பெண்கள். அவர்களில் பலருக்கு எல்லைக் காவல் படையில் வேலை. டோமகோமாயில் காகித ஆலை செய்ததை, பெரம்பூரில் ரயில் பெட்டி ஆலை செய்ததை, லேயில் எல்லைப் படை செய்துகொண்டிருக்கிறது.