ஆய்விதழ்க் கட்டுரைப் பகிர்வு, நூலகவழி

விரிவுரையாளர் தம் பாடத்துக்கான ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேர்ந்து, நூலகத்தின் ஊடாக வகுப்பு முழுவதற்கும் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு. ஒரே பிரதியைப் பலர் படிக்க வேண்டிய நெருக்கடியில் பிறந்தது.

ஆய்விதழ்கள் 1665இல் பாரிசிலும் லண்டனிலும் தொடங்கின. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்தவற்றை மாணவருக்கெனத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தில் 1870களில் உருவானது. இலங்கையில் 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது.

இந்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் இந்த ஒதுக்கீட்டின் பெயர் ‘எஸ்.ஆர்.’ கருமபீடத்தில் அடையாள அட்டையைக் கொடுத்து, அங்கேயே அமர்ந்து, குறித்த நேரத்துக்குள் படித்துத் திருப்ப வேண்டும். பரீட்சை நெருங்கினால் ஒரு தொகுதிக்கு வரிசையே நிற்கும்.

1959இல் ‘ஸெராக்ஸ் 914’ பிரதியெடுக்கும் இயந்திரம் அறிமுகமானது. ஃபொட்டோகொப்பி பரவியதும் வரிசை குறைந்தது. ஆனால் பதிப்புரிமைப் பிரச்சினை எழுந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டில் சேர்க்கிறது. இந்தியாவில் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள், டில்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிரதிக் கடை ஒன்றின் மீது 2012இல் வழக்குத் தொடுத்தன. விரிவுரையாளர் தேர்ந்த பகுதிகளைக் கடை தொகுத்து விற்றதே காரணம். 2016 செப்டெம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 

அடுத்த மாற்றம் இணையத்தில் வந்தது. இலங்கை ஆய்விதழ்களை இலவசமாகத் திறந்துவைக்கும் ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ 2008இல் தொடங்கியது. விரிவுரையாளர் கட்டுரையின் இணைப்பை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் சந்தா கட்டிப் பெறும் வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் வளாக வலையமைப்புக்குள்தான் திறக்கும். வெளியே தனிக் கடவுச்சொல் வேண்டும்.

வளாகத்துக்கு உள்ளும் வெளியுமான இந்த இடைவெளி சப்ரகமுவ மாகாணத்தில் துலக்கமாகத் தெரிகிறது. மாகாணத்தின் பல்கலைக்கழகம் 1990களில் இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிகுல் ஓயாவில் உருவானது. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவோ அவிசாவளை – ஹட்டன் வீதியில் இருக்கிறது. விடுமுறையில் அங்குள்ள தோட்டத்துக்குத் திரும்பும் மாணவி, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று சுற்றி அந்த நூலக மேசைக்குப் போய்ச்சேர வேண்டியிருக்கும்.

மொழி இன்னொரு தடை. தரவுத்தளக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலம். தமிழில் எழுதிய ஆய்வுகளோ பழைய இதழ்க் கட்டுகளுக்குள் கிடந்தன. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அவற்றை ஒவ்வொரு பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ இதழ்களும், மலையக வரலாறு பேசும் நூல்களும் அதில் உண்டு. அங்கே அடையாள அட்டை கேட்பதில்லை, கடவுச்சொல்லும் இல்லை. விரிவுரையாளர் வகுப்பின் வட்சப் குழுவில் இடும் இணைப்பைக் கித்துல்கல லயத்து அறையிலிருந்தே கைபேசியில் திறந்துவிடலாம்.