அப்பாவின் ஒப்போசிசியோன்

1972-இல் எங்கள் வீட்டு வாசலில் அமீனா வந்து நின்றபோது அப்பா பதறவில்லை. "ஒப்போசிசியோன் போட்டால் போயிற்று" என்றார். பிரெஞ்சில் படித்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தச் சொல் புதுச்சேரியில் செல்லாக் காசாகி நான்கு வருடம் ஆனது இருவருக்கும் உறைக்கவில்லை.

கடன் பத்திரத்தின் பேரில் ஒருவர் அப்பாமீது 2,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டிருந்தார். பாதிக்குமேல் கொடுத்தாயிற்று என்பது அப்பாவின் கட்சி. வாய்தா அன்று அத்தையின் சாவுக்குக் காரைக்கால் போயிருந்தார். பேர் கூப்பிட்டு ஆள் இல்லாததால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டது. திரும்பி வந்ததும் சேதி தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை.

அது அலட்சியம் அல்ல. அவர் அறிந்த சட்டம் அப்படி. பிரான்சின் சட்டத் தொகுப்புகள் 1819-இல் இங்கே அமலுக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1806-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன்படி பிரதிவாதி வராவிட்டாலும், வாதியின் கோரிக்கை நியாயமானதுதானா என்று நீதிபதி சரிபார்க்கவேண்டும். வக்கீலே வைக்காதவர்மீதான தீர்ப்பை, நீதிமன்றம் நியமித்த உய்சியே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் அந்தத் தீர்ப்பே இல்லாததாகிவிடும். நிறைவேற்றும்வரை எதிர்ப்பு மனு போடலாம். அதுதான் ஒப்போசிசியோன். ஏன் வரவில்லை என்று மன்றாட வேண்டாம். வழக்கில் தன் பக்கத்து வாதம் என்ன என்று சொன்னால் போதும். அதுவும் தள்ளுபடியானால் இன்னொரு முறை போட முடியாது. அமீனா வரட்டும் என்று அப்பா காத்திருந்தது இதனால்தான்.

1954-இல் கொடி மாறியது. 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தோம். 1968-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை நமக்கும் கொண்டுவந்தது. அதில் 9-ஆம் கட்டளை, 13-ஆம் விதி வேறு கணக்குப் பேசுகிறது. சம்மன் முறைப்படி சேரவில்லை என்றோ, வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருந்தது என்றோ காட்டவேண்டும். டிக்ரி ஆன தேதியிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் சேராதவருக்கு மட்டும், டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து 30. அப்பாவோ சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். எங்களுக்கு விழிப்பு வந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது.

வக்கீல் இரண்டு மனு எழுதினார். டிக்ரியை நீக்கக் கோரி ஒன்று. காலதாமதத்தை மன்னிக்கக் கோரி, காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின்கீழ் ஒன்று. பழைய சட்டத்தை நம்பி உட்கார்ந்திருந்ததை ஒளிக்காமல் பிரமாணப் பத்திரத்தில் எழுதச் சொன்னார். அப்பாவுக்கு அதில் கையெழுத்துப் போடத்தான் வெட்கம். எதிர்த்தரப்பு வக்கீல், சட்டம் தெரியாது என்பது ஒரு காரணமா என்று கேட்டார். நீதிபதி இருவரையும் கேட்டுவிட்டு, பாதித் தொகையை நீதிமன்றத்தில் கட்டு, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடு என்ற நிபந்தனையோடு டிக்ரியை நீக்கினார்.

பிறகு வழக்கு நடந்தது. அப்பா வைத்திருந்த ரசீதுகள் ஏற்கப்பட்டன. இன்னும் 700 ரூபாய் பாக்கி என்று தீர்ப்பானது. முணுமுணுக்காமல் கட்டினார். "இது நான் இருக்கும்போது சொன்ன தீர்ப்பு" என்றார்.

பின்னாளில் என் மேசைக்கு யாராவது டிக்ரி நகலோடு வந்தால், கதை கேட்பதற்கு முன் அதிலுள்ள தேதியைப் பார்ப்பேன். 30 நாளுக்குள் இருந்தால், "உட்காராதீர்கள், முதலில் வக்கீலைப் பாருங்கள்" என்பேன்.