300ஐ 450 ஆக்கினவங்க: ஓவர்கிளாக்கிங், ஒரு சின்ன வரலாறு

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிருந்ததை எழுதிடறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

ப்ராசஸர் மேல ஒரு வேகம் எழுதியிருக்கும். அதைத் தாண்டி ஓட வைக்கிறதுக்குப் பேருதான் ஓவர்கிளாக்கிங். புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எரிஞ்சு போயிடுமா?" நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. அந்த வேகத்தை அங்க எழுதினது யாரு? எதை வச்சு எழுதினாங்க? இதுக்குப் பதில் தெரிஞ்சா எதைப் பாத்து பயப்படணும், எதைப் பாத்து பயப்பட வேண்டாம்னு தானா புரிஞ்சிடும்.

படிகத்தை மாத்தின காலம்

1984 ஆகஸ்ட்ல ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடிங்கற பொட்டியை வெளியிட்டுது. உள்ள இன்டெல் 80286. வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். (மெகாதான், கிகா இல்ல!) அந்த போர்டுல 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒண்ணு இருக்கும். 286 அதைப் பாதியாக்கி 6ல ஓடும். அந்தப் படிகம் ஈயம் வச்சு ஒட்டாம, கழட்டி மாட்டுற மாதிரி இருந்துச்சு. சும்மா இருப்பாங்களா நம்மாளுங்க? 12ஐ உருவிட்டு 16ஐ சொருகினாங்க. பொட்டி 8 மெகாஹெர்ட்ஸ்ல ஓட ஆரம்பிச்சிடுச்சு. செலவு ஒரு படிகத்தோட விலை மட்டும்தான்.

ஐபிஎம்முக்கு இது பிடிக்கல. பின்னாடி வந்த ஏடி பயாஸ்ல வேகத்தைச் சோதிச்சுப் பாத்து, அளவுக்கு மேல இருந்தா பொட்டியே கிளம்பாத மாதிரி பண்ணிட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, 1986ல அதே ஐபிஎம் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை அவங்களே கொண்டு வந்து வித்தாங்க. அப்போ 6ங்கறது இயற்பியல் போட்ட எல்லை இல்ல. கம்பெனி எடுத்த முடிவு.

ஒரே வயல் நெல்லு, ரெண்டு சாக்கு

சில்லு தயாரிக்கிறது எப்படின்னு கொஞ்சம் பாக்கணும். ஒரே சிலிக்கான் தட்டுல நூத்துக்கணக்கான சில்லுங்க ஒண்ணா விளையும். எல்லாம் ஒரே வடிவம். ஆனா ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்தா ஒண்ணு வேகமா ஓடும், ஒண்ணு கொஞ்சம் திணறும். அதைப் பொறுத்து தரம் பிரிச்சு, மேல எண் அடிச்சு அனுப்புவாங்க.

தயாரிப்பு தொடங்கின புதுசுல இந்தத் தரம் பிரிக்கிறது நேர்மையா நடக்கும். மாசம் ஆக ஆக கை தேறிடும், முக்கால்வாசி சில்லு மேல்தரமாவே வரும். ஆனா சந்தையில விலை குறைஞ்ச சரக்கைத்தானே நிறைய பேரு கேக்குறாங்க? நம்ம பக்கத்து அரிசி வியாபாரியை நெனச்சுக்கோங்க. களத்துல இருக்கறது பூரா நல்ல அரிசி, வந்திருக்கற ஆர்டரோ சாதா அரிசிக்கு. நல்லதையே சாதா சாக்குல கட்டி அனுப்பிடுவாரு. வாங்கினவனுக்கு அதிர்ஷ்டம். ப்ராசஸர்லயும் அதேதான். மேல போட்ட எண்ணுக்கு அர்த்தம் "இவ்வளவுதான் ஓடும்"ங்கறது இல்ல. "இவ்வளவு வரைக்கும் நாங்க சோதிச்சிருக்கோம், அதுக்கு நாங்க பொறுப்பு"ங்கறதுதான்.

இந்த இடைவெளியை முதல்ல காசாக்கினது திருட்டு வியாபாரிங்க. பென்டியம் 1993ல வந்துச்சு (அதை உருவாக்கினதுல முக்கியமான ஆளு வினோத் தாம், நம்ம நாட்டுக்காரர்). கொஞ்ச வருஷத்துல, குறைஞ்ச வேக சில்லு மேல இருந்த எழுத்தைச் சுரண்டிட்டு, பெரிய எண்ணைப் பொறிச்சு விக்கிற கும்பல் கிளம்பிடுச்சு. வாங்கினவருக்கு விஷயமே தெரியாது. பொட்டி அடிக்கடி தொங்கும், விண்டோஸைத் திட்டிக்கிட்டு இருப்பாரு. இன்டெல் பதிலுக்கு சில்லோட பெருக்கெண்ணைப் பூட்டிடுச்சு.

பெருக்கெண்ணுன்னா? ப்ராசஸர் வேகம் = போர்டு தர்ற அடிப்படை வேகம் × பெருக்கெண். பெருக்கெண்ணைப் பூட்டினாலும், அடிப்படை வேகம் போர்டு கையிலதானே இருக்கு? அந்த ஓட்டை வழியாத்தான் அடுத்த கதை.

1998 ஆகஸ்ட் 24

அந்த வருஷம் ஏப்ரல்ல இன்டெல் ஏழைகளுக்காக செலரான்னு ஒண்ணு விட்டுது. விலையைக் குறைக்க எல்2 கேஷ் நினைவகத்தையே மொத்தமா எடுத்துட்டாங்க. மந்தம்னா அப்படி ஒரு மந்தம். எல்லாரும் கிழிச்சு எடுத்துட்டாங்க. ரோஷம் வந்து ஆகஸ்ட் 24ல செலரான் 300ஏ கொண்டு வந்தாங்க. இதுல 128 கிலோபைட் கேஷை சில்லுக்குள்ளேயே வச்சு, ப்ராசஸரோட முழு வேகத்துல ஓட விட்டாங்க. விலை 149 டாலர். அதே நாள்ல வெளியான பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் விலை 669 டாலர். அன்னிக்கு டாலர் 42 ரூபாய் சொச்சம். அதாவது வரி எல்லாம் சேர்க்காம ஒண்ணு ஆறாயிரத்து சொச்சம், இன்னொண்ணு கிட்டத்தட்ட 28,000.

300ஏ கணக்கு: 66 × 4.5 = 300. அடிப்படை வேகத்தை 100 ஆக்கினா? 100 × 4.5 = 450! அந்த வருஷம் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் போர்டுங்க 100ஐ முறைப்படியே தாங்கும். அதனால போர்டுக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. ஏபிட் பிஹெச்6 மாதிரி போர்டுல பயாஸ்குள்ள போய் மாத்தினா போதும். அந்த வசதி இல்லாத போர்டுன்னா, ப்ராசஸர் அட்டையில பி21ங்கற ஒரு பின் மேல துண்டு டேப் ஒட்டினாங்க. போர்டு அதை 100க்கான சில்லுன்னு நம்பிடும். சில்லுங்க பெரும்பாலும் அலட்டிக்காம 450ல ஓடிச்சு. சிலதுக்கு 2.0 வோல்ட்டுக்குப் பதில் கொஞ்சம் கூடத் தேவைப்பட்டுது, அவ்வளவுதான்.

ஏன் ஓடிச்சு? ரெண்டுமே 0.25 மைக்ரான்ல செஞ்ச ஒரே குடும்பம். பென்டியம் 2ல கேஷ் தனிச் சில்லா, ப்ராசஸர் வேகத்துல பாதியில ஓடும். செலரான்ல அது உள்ளேயே இருந்ததால தடை போட வெளியில ஆளே இல்ல. ஆக, 28,000 ரூபாய் சரக்குக்குப் பக்கத்துல நிக்கிற ஒண்ணு ஆறாயிரத்துக்குக் கிடைச்சுது. ஓவர்கிளாக்கிங்கை லேப்லேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது இந்தச் சில்லுதான்னு தாராளமா சொல்லலாம்.

பென்சிலும் புகையும்

2000ல ஏஎம்டியோட முறை. அத்லான், டியூரான் சில்லுங்க மேல எல்1னு சின்னச் சின்ன இணைப்புங்க வெட்டுப்பட்டு இருக்கும். பெருக்கெண் பூட்டு அதுதான். சாதாரணப் பென்சிலால அந்த இடைவெளியில கோடு போட்டா, கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்திடும், பூட்டு திறந்துக்கும். நம்ப முடியாட்டியும் நிஜம்.

"எரிஞ்சு போயிடுமா"ங்கற பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். 2001ல டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ விட்டுது. ஓடிக்கிட்டு இருக்கற ப்ராசஸர் மேலேர்ந்து ஹீட்சிங்கை அப்படியே தூக்கிட்டாங்க. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைச்சுக்கிட்டு தாக்குப் பிடிச்சுது. பென்டியம் 3 தொங்கி நின்னுது. அத்லான் ரெண்டும் சில நொடியில புகைஞ்சு செத்துது. அதுக்கப்புறம் வெப்பக் காவல் எல்லாச் சில்லுலயும் கட்டாயம் மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கு வர்ற ப்ராசஸர் சூடு ஏறினா தானே மெதுவாகும், இன்னும் ஏறினா பொட்டியை அணைச்சிடும். அதனால சூட்டுல எரியறதுங்கறது ரொம்ப அபூர்வம்.

நம்ம ஊரும் மூடின கதவும்

2007ல வந்த பென்டியம் டூயல் கோர் இ2160 இன்னொரு பொக்கிஷம். 200 × 9 = 1.8 கிகாஹெர்ட்ஸ். அடிப்படையை 333 ஆக்கினா 3.0. இதே குடும்பத்துச் சில்லுங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து கும்பகோணம் கடைங்க வரைக்கும் அசெம்பிள் பண்ணின பொட்டிங்கள்ல வந்துச்சு. ஆனா கூடவே வந்தது பெரும்பாலும் இன்டெல்லோட சாதா ஜி31 வகை போர்டு. அதுல வேகத்தைத் தொடறதுக்கு வழியே கிடையாது. எங்க வீட்டுக்கு 2009ல, சம்பா அறுவடைக்கப்புறம் வந்த பொட்டியும் அந்த ரகம்தான். உள்ள குதிரை இருக்கும், கடிவாளத்தை நம்ம கையில தரமாட்டாங்க.

2011ல சாண்டி பிரிட்ஜோட இன்டெல் கதவைச் சாத்திடுச்சு. எல்லா அடிப்படை வேகமும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துல கட்டப்பட்டுது. அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே மத்ததெல்லாம் ஆட்டம் காணும். இனிமே 'கே' எழுத்து போட்ட விலை கூடின சில்லுக்கு மட்டும்தான் அனுமதி. 2014ல பென்டியத்தோட 20வது ஆண்டுக்காக ஜி3258னு 72 டாலர்ல பூட்டில்லாத ஒண்ணு விட்டாங்க. ஏஎம்டி 2017ல ரைசனை பூட்டில்லாம விட்டுது. 2019ல 49 டாலருக்கு அத்லான் 3000ஜி, அதுவும் பூட்டில்லாம.

இன்னிக்கு ஆரம்பிக்கிறவங்களுக்கு

திருப்பனந்தாள்ல என் சித்தப்பா பையன் கிட்ட இருக்கறது இந்த 3000ஜிதான். "அண்ணே, பண்ணட்டுமா?"ன்னு போன்ல கேட்டான். வீட்டுக்கு ஒரே பொட்டி, போனா அடுத்தது எப்போன்னு தெரியாது. அதனால அவனுக்குச் சொன்னதை இங்கயும் வரிசையா சொல்றேன்.

முதல்ல போர்டைப் பாரு. பி350, பி450 வகை போர்டு வேணும். ஏ320 போர்டுல நடக்காது. அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோட சும்மா சேந்து வந்ததுன்னா ஓவர்கிளாக்கை மறந்துடு, முதல்ல அதை மாத்து.

பெருக்கெண்ணை ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் ஏத்து. 3.5லேர்ந்து 3.6, அப்புறம் 3.7. வோல்டேஜைத் தொடாதே. கணக்கு எளிசு: சூடு வேகத்துக்கு நேர் விகிதத்துல ஏறும், வோல்டேஜுக்கோ வர்க்க விகிதத்துல ஏறும். வேகத்தை 10 சதவீதம் ஏத்தினா சூடும் 10. வோல்டேஜை 10 ஏத்தினா 21. ரெண்டும் சேந்தா 33. யானை கட்டி இழுத்தும் நிமிராத லிங்கம் குங்கிலியக் கலயர் கழுத்துக் கயித்துக்கு நிமிர்ந்ததா கதை சொல்ற ஊர் நம்ம ஊரு. முரட்டுத்தனமா இழுத்தா வேலைக்கு ஆகாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?

ஒவ்வொரு படிக்கும் சோதனை. பிரைம்95 போட்டு சில மணி நேரம் ஓட விடு. இது 1996லேர்ந்து மிகப் பெரிய பகா எண்களைத் தேடற மென்பொருள். தன் கணக்கைத் தானே சரிபார்க்கும், தப்பு வந்தா உடனே சொல்லும். இங்கதான் நிஜமான ஆபத்து இருக்கு. அளவுக்கு மீறி ஓடற சில்லு எரியறது இல்ல. சத்தம் போடாம கணக்கைத் தப்பாப் போடும். படம் பாக்கும்போது ஒரு புள்ளி மாறினா கவலை இல்ல. ப்ராஜெக்ட் ஃபைலை சேமிக்கும்போது ஒரு எண் மாறினா? அடுத்த மாசம் திறக்கும்போதுதான் தெரியும். பிரைம்95ல ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்கிடு.

சோதனையை மார்கழி காலையில பண்ணிட்டு சந்தோஷப்படாதே. சித்திரை, வைகாசி மதியம் 38, 40 டிகிரில, மின்விசிறி மட்டும் இருக்கற ரூம்ல பண்ணு. 3000ஜி 95 டிகிரி வரைக்கும் தாங்கும், நீ 80ஐத் தாண்ட விடாதே. ஹீட்சிங்க்ல அறுவடைக் காலத்துத் தூசி அடைஞ்சிருக்கும், அதைத் துடைச்சிட்டுத் தொடங்கு. மோட்டார் ஓடற நேரத்துல லைன்ல வோல்டேஜ் இறங்குற வீடுன்னா யுபிஎஸ் இல்லாம எதுவும் வேண்டாம். தப்பாகி பொட்டி கிளம்பலன்னா பதறாதே. கரண்டை எடுத்துட்டு, போர்டு புத்தகத்துல போட்டிருக்கற மாதிரி சிமாஸை அழிச்சா பழைய நிலைக்கு வந்துடும்.

இவ்வளவு பண்ணி 3.9 கிடைச்சா லாபம் 11 சதவீதம். விளையாடறதுதான் நோக்கம்னா, ஒரே ராம் குச்சி இருக்கற பொட்டியில இன்னொண்ணு சேர்க்கறது பல விளையாட்டுல இதைவிடக் கூடப் பலன் தரும். 300லேர்ந்து 450, அதாவது 50 சதவீதம் இலவசமா கிடைச்ச காலம் போயிடுச்சு. 2008லேர்ந்து இன்டெல்லும், பின்னால ஏஎம்டியும், டர்போங்கற பேர்ல அந்த இடைவெளியைத் தாங்களே எடுத்துக்கிட்டாங்க. பிழிய வேண்டிய சாறை அவங்களே பிழிஞ்சுதான் டப்பாவுல போட்டுத் தர்றாங்க.

அப்புறம் எதுக்குப் பண்ணணும்? எனக்குத் தோணுறது இதுதான். சில்லு மேல எழுதினது கம்பெனி கொடுத்த வாக்கு. அதைத் தாண்டினா, அவங்க செஞ்ச சோதனையை நீங்க செய்யணும். எழுத்தைச் சுரண்டி வித்தவனுக்கும் 300ஏ காரங்களுக்கும் வித்தியாசம் அது ஒண்ணுதான். அந்தச் சோதனையில உக்காரப் பொறுமை இருந்தா, 11 சதவீதத்தோட பொட்டி எப்படி வேலை செய்யுதுங்கற அறிவும் சேந்து வரும்.

டிஸ்கி: ஓவர்கிளாக் பண்ணினா வாரண்டி போயிடும், ஏஎம்டியே அப்படித்தான் சொல்லுது. வாரண்டி முடியற வரைக்கும் காத்திருக்கறதும் ஒரு நல்ல ஓவர்கிளாக்கிங் உத்திதான். ஹி ஹி.