நர்ஸ் வேலையும் மாநில எல்லையும்

ஊரில் நர்சிங் முடித்த பெண். கல்யாணமாகியோ, அப்பாவின் மாற்றலாலோ டெல்லிக்கு வந்து சேர்கிறாள். கையில் பட்டம் இருக்கிறது, தமிழ்நாடு கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கிறது. முதல் இன்டர்வியூவிலேயே கேட்கிறார்கள்: "இந்த ஸ்டேட் ரிஜிஸ்ட்ரேஷன் எங்கே?" வீட்டில் எல்லோருக்கும் குழப்பம். ஒரே நாடுதானே?

என் போன்ற பேங்க் ஆளுக்கு ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் பெட்டி கட்டினால் போதும். திருச்சியில் கையெழுத்துப் போட்டவன் மறுவாரம் போபாலில் போடலாம். நர்சுக்கு மட்டும் ஏன் இப்படி என்று இங்கே தமிழ்க் குடும்பங்களில் பலர் கேட்டதால் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினேன். பி.காம். படித்தவனுக்கு நர்சிங் சரித்திரம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். விஷயம் முழுக்க லெட்ஜர் சமாச்சாரம்தான்!

நம்ம சென்னை ஜி.எச். 1664-ல் கோட்டைக்குள் கம்பெனி ஆட்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி. அங்கே முறையான நர்ஸ் பயிற்சி வர 1871 ஆனது. அதன் பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல், யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்று காட்டச் சட்டப்படியான பதிவேடு கிடையாது. ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த காகிதம்தான் சாட்சி.

1919-ல் வந்த இந்திய அரசுச் சட்டம் மருத்துவத்தை மாகாண மந்திரிகளின் கையில் கொடுத்தது. இன்றைய தலைவலியின் வேர் அங்கேதான். 1926-ல் சென்னை மாகாணம் நர்சுகள், தாதிகளுக்கான பதிவுச் சட்டம் போட்டது. இந்த விஷயத்தில் நாட்டுக்கே நாம்தான் முன்னோடி. பம்பாய்ச் சட்டம் 1935-ல்தான் வந்தது. இப்படி ஆளாளுக்கு ஒரு புத்தகம். சென்னைப் புத்தகத்தில் பேர் இருந்தால் சென்னையில் செல்லும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அது யாரையும் பெரிதாக உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். நர்சுகள் இருந்தால்தானே இடம் மாற? 1946-ல் போர் கமிட்டி கொடுத்த கணக்கைப் பாருங்கள்: பிரிட்டிஷ் இந்தியா முழுக்கச் சுமார் 7,000 நர்சுகள், 43,000 பேருக்கு ஒருவர். (போர் என்றால் சண்டை இல்லை, கமிட்டித் தலைவர் ஜோசப் போர்!) அதே 1946-ல்தான் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. டெல்லிக் கல்லூரிக்குப் பின்னால் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயர் வைத்தார்கள், நம் முதல் சுகாதார மந்திரி.

அவர் மந்திரியாக இருந்தபோதே, 1947 கடைசியில், இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு எந்த மாநிலத்துப் பதிவேட்டில் சேரவும் போதுமான தகுதி என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. நல்ல காரியம், ஆனால் பாதிக் காரியம். படிப்பு நாடு முழுக்கச் செல்லும், பதிவு செல்லாது. போய் மறுபடி சேர வேண்டும். கோர் பேங்கிங் வருவதற்கு முந்திய காலம் ஞாபகம் இருக்கிறதா? பணம் உங்களுடையதுதான், ஆனால் கணக்கு மாம்பலம் கிளையில்! அதே கதை. மகாராஷ்டிரா 1966-ல் தனிச் சட்டம் போட்டது, டெல்லி 1997-ல்.

பழைய மாநிலத்திலிருந்து தடையில்லாச் சான்று, புது மாநிலத்தில் மனு, சரிபார்ப்பு. இதற்கெல்லாம் ஒரிஜினல் சான்றிதழ் வேண்டும். இந்த இடத்தில்தான் பல பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். முதல் வேலை கொடுத்த தனியார் ஆஸ்பத்திரி ஒரிஜினலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, பாண்ட் முடியும்வரை தரமாட்டேன் என்றால் எப்படி வேறு ஊர் போவது? 2011, 2012-ல் டெல்லி, மும்பை, கேரளா என்று நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு இந்த பாண்டும் சான்றிதழும்தான் முக்கியக் கோரிக்கைகள். போராடியவர்களில் பெரும்பாலோர் மலையாளப் பெண்கள். அதன் பலன் நம் பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

அடமானம் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொள்வது, கடன் திரும்பாவிட்டால் வீட்டை விற்கலாம் என்பதால். பட்டச் சான்றிதழை யாரிடம் விற்பது? அதன்மேல் பற்றுரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாண்டில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம், அதுவும் எழுதிய தொகைக்கு மேல் போகாமல். பி.காம்.மில் மெர்கன்டைல் லா படித்தது இதற்காவது உதவுகிறது.

சம்பள விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஜனவரியில் கோர்ட் சொல்லி, மத்திய அரசு கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 50-க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது அதன் பரிந்துரை. அமல்படுத்துவதை மாநிலங்களிடம் விட்டார்கள். கேரளா 2018-ல் 20,000-ஐக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

1947 சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதில் தேசியப் பதிவேடு உண்டு, மாநிலப் பதிவேடும் உண்டு. எனவே ஊரிலிருந்து ரயிலேறும் முன்பே சென்னையில் தடையில்லாச் சான்றுக்கு மனுப் போட்டுவிடுங்கள். புது ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரிஜினலைக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்து வாருங்கள்.