ஆளுமை

ஆளுமைச் சோதனை எழுதி, 'நீங்கள் அகமுகி (இன்ட்ரோவர்ட்)' என்று முடிவு வாங்கும் இளையோர் 'ஆளுமை' என்ற சொல்லிலேயே சற்று நிற்கலாம். 'ஆள்' என்னும் வினையோடு 'மை' விகுதி சேர்ந்தது ஆளுமை. ஆளுதல் என்றால் நாடாளுதல். தன்வசப்படுத்துதல், பயன்படுத்துதல் என்றும் பொருள் உண்டு. ஆட்சி, ஆளுநர், கையாளுதல், சொல்லாட்சி எல்லாம் இந்த வேரில் கிளைத்தவையே.

ஆங்கிலத்தின் 'பெர்சனாலிட்டி' லத்தீன் 'பெர்சோனா'விலிருந்து வந்தது. அது நடிகர் அணியும் முகமூடி. அகமுகி, புறமுகி என்ற பிரிவைப் பரப்பியது உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூல். மையர்ஸ்–பிரிக்ஸ் வினாத்தாள் அதைத் தழுவி மனிதரை 16 வகையாக்கியது. நம்மை நாமே கேட்டுக்கொள்ளாத கேள்விகளை அது கேட்கிறது. அந்த அளவில் நல்லதுதான். ஆனால் வகையின் பெயரை ஆளுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. காவிரிக்கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில் அல்லாள இளைய நாயக்கருக்குச் சிலை இருக்கிறது. காவிரி நீரை ராஜ வாய்க்கால் வழியே வயலுக்குத் திருப்பியவர் என்று அந்த வட்டாரம் அவரைப் போற்றுகிறது. ஆற்றை ஆண்டவர் என்றால் சொல்லின் பழம்பொருள் விளங்கிவிடும். அந்த வாய்க்கால் பாயும் கரும்புக்காட்டில் 'ஆள்' என்றால் வேலைக்கு வருபவர். 'பையனை ஆளாக்கணும்' என்று ஒரு தாய் சொல்லும்போதோ, படிப்பு, பிழைப்பு, பொறுப்பு மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.