பாமினியை யூனிகோடாக்கிய சின்ன நிரல்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கணினித் தமிழ் வரலாறு என்றாலே மாநாடுகளையும் அரசாணைகளையும்தான் எழுதுகிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, அதில் பிறந்த தமிழ்99 விசைப்பலகை, 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது எல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் நடுவில் நம் கையைப் பிடித்துக் கரை சேர்த்தவை, சிலர் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்த சின்னச் சின்ன நிரல்கள்.

இளையவர்களுக்கு அந்தக் காலத்துத் தொல்லை தெரியாது. அன்று தமிழ் எழுத்துரு என்பது ஒரு வேடம். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மாவைக் காணோம், இந்த ஐந்தும்தான் நிற்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசை வைத்திருந்தது. நம் இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடை போல்ட்டுக்கு இன்னொரு கடை நட்டு சேராமல் போனால் எப்படி இருக்கும், அந்த நிலைமை.

யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவும் வந்தது. ஆனால் அதற்குள் பழைய எழுத்துருக்களில் குவிந்துவிட்ட எழுத்தை யார் திரும்ப அடிப்பது?

இங்கேதான் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் வருகிறார். அவர் செய்த 'பொங்குதமிழ்' மாற்றி ஒரே ஒரு வலைப்பக்கம். மேல் பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டி, எது என்று தேர்ந்தால், கீழே யூனிகோடு வரும். வேலையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்தான்: 'இதைக் கண்டால் அதைப் போடு' என்று வரிசையாகக் கட்டளைகள்.

அந்த வரிசையில்தான் சூட்சுமம். நான் ஒன்றாம் வகுப்பில் 'கொ' சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒற்றைக்கொம்பு, க, கால். பழைய எழுத்துருவும் அப்படியே மூன்று துண்டாக வைத்திருந்தது. யூனிகோடிலோ முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. எனவே நிரல் மூன்று துண்டு சேர்ந்ததை முதலில் மாற்ற வேண்டும், பிறகு இரண்டு, கடைசியில் ஒற்றை. அவசரப்பட்டு 'கா'வை முதலில் மாற்றினால் கொம்பு முன்னால் அநாதையாக நிற்கும். அந்த நாளில் இணையத்தில் பார்த்த பல உடைந்த சொற்களுக்கு இந்த வரிசைப் பிசகே காரணம். இலக்கணம் தெரிந்தவர் எழுதிய நிரல் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்!

பின்னாளில் அருளாளன் இதே வேலைக்குப் பைத்தானில் ஒரு மாற்றி எழுதினார். அது முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓப்பன்-தமிழ் தொகுப்பில் சேர்ந்தது. த. சீனிவாசன் எழுதியது வேறு வகை. நூலின் பி.டி.எஃப்.பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, கிடைத்த எழுத்தைத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றும் நிரல். தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்களை, சுமார் 2000 இருக்கும், கையால் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்தால் எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ! பிழை திருத்தம் இன்னும் மனிதர் கையில்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. நானும் தினம் இரண்டு பக்கம் பார்க்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. 2000-ஐ ஒட்டிய நம் பள்ளி ஆண்டு மலர்கள், அப்பா எழுதிய கவிதைகள், கல்யாண வாழ்த்துமடல்கள் பலர் வீட்டில் சி.டி.யில் தூங்குகின்றன. சி.டி.யும் நாளாக நாளாகக் கெடும். திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல் போல வரும். பழுதென்று தூக்கிப் போடாதீர்கள். கோப்பை எனக்கு அனுப்புங்கள், முடிந்தால் எந்த டி.டி.பி. கடையில் அடித்தது என்பதையும் சொல்லுங்கள். எழுத்துருவின் பெயரை அதிலிருந்து ஊகித்துவிடலாம்.